சத்திரத்தில்தான் இருக்கிறோம்

திருவரங்கம் ஒரு தீவு. பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தவிர, அங்கே குடியிருப்பவர்களுக்கு இது வேறு எந்த வகையிலும் தெரிய வாய்ப்பில்லை. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், இரண்டுக்கும் மேலே பாலம், பாலத்தின் மேல் பஸ், பஸ்ஸுக்குள் நாங்கள். வருஷத்தில் பாதி நாள் கீழே மணல்தான். என் மனைவி அந்தத் தீவிலேயே பிறந்து, நாலு தெரு தள்ளி இருந்த என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. மாசி மாதத் தெப்பத்தில் பெருமாள் வருஷா வருஷம் மிதக்கிறார். கரையில் முட்டி மோதி நின்று அதைப் பார்ப்பது எங்கள் பங்கு.

"அவர் மட்டும் போறார்" என்றாள் ஒரு வருஷம். பக்தியா, புகாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சென்ற வருஷம் எலும்பு டாக்டர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, "ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சும்மா, மாத்திடலாம்" என்றார். டயர் மாற்றுகிறவர் குரல் அது. அதற்கு முன்னால் எங்கேயாவது போய் வர வேண்டும் என்று அவள் சொன்னாள். தெருவில் ஒட்டியிருந்த வடநாட்டு யாத்திரை விளம்பரத்தில் உதய்ப்பூர் இருந்தது. ஏரி, ஏரிக்கு நடுவில் ஒரு வெள்ளை அரண்மனை, ஓரத்தில் பொடிப் பொடியாகச் சில படகுகள். அவள் அரண்மனையைக் காட்டவில்லை. படகின் மேல் விரலை வைத்து, "இதுல ஒரு தடவை" என்றாள். எங்கள் நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் நேரடியாகக் கேட்டவை மிகக் குறைவு என்பதால் நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

யாத்திரை ஏற்பாட்டாளர் கும்பகோணத்துக்காரர். திருவரங்கத்தில் குடியேறி, வெகுகாலமாக மனிதர்களை மொத்தமாக வடக்கே ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப ஓட்டிக்கொண்டு வருகிறார். மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டுகிறவர்களாவது வழியில் நிழல் கண்டால் நிறுத்துவார்கள். இவர் கிளம்பும்போதே எங்கள் எல்லாருடைய ஆதார் அட்டைகளையும் "பத்திரமா என்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கி ஒரு ஜிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதிலுக்கு மஞ்சள் நாடாவில் தொங்கும் ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் எங்கள் பெயர் சின்னதாகவும் அவர் கைபேசி எண் பெரிதாகவும் இருந்தன. பஸ்ஸில் யாருக்கு எந்த இருக்கை என்பதைத் திருச்சியிலேயே தீர்மானித்துவிட்டார். சமையல்காரரும் அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் கூடவே வந்தன. ராஜஸ்தானம் முழுவதும் நாங்கள் வத்தக்குழம்பும் மோர்சாதமும்தான் சாப்பிட்டோம். ஊர் மாறிக்கொண்டே இருந்தது, நாங்கள் மாறாமல் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

நான் ரயில்வேயில் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விதி எது, விலக்கு எது, விலக்குக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குழுவில் எதற்கெடுத்தாலும் "சாரைக் கேளுங்க" என்பார்கள். இந்தி விஷயத்தில் மட்டும் என் மதிப்பு முதல் நாளே சரிந்தது. அலுவலகத்தில் நடத்திய இந்தித் தேர்வுகள் அத்தனையும் தேறி, அதற்கான சம்பள உயர்வும் வாங்கியவன் நான். "மேற்குறிப்பிட்ட விஷயம் தொடர்பாகத் தேவையான நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று பிழையில்லாத இந்தியில் எழுதுவேன். வெந்நீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது.

உதய்ப்பூருக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே நான் ஏற்பாட்டாளரிடம் படகு விஷயத்தை எடுத்தேன்.

"ப்ரோக்ராம்ல இல்லையே சார்" என்றார். "ஒருத்தரை விட்டா எல்லாரும் கேப்பா. தண்ணியில ஏதாவது ஒண்ணுன்னா நான்தானே பதில் சொல்லணும்? நீங்களே சொல்லுங்கோ, நீங்க ரூல்ஸ் தெரிஞ்சவர்."

அது சரியான பதில். என் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு நான் காலமெல்லாம் சொல்லி வந்ததும் அதுதான், வார்த்தை மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். என் மனைவி பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "விடுங்க, பாத்துக்கலாம்" என்றாள். விடுங்க என்பதற்கும் பாத்துக்கலாம் என்பதற்கும் நடுவே அவள் எடுத்துக்கொண்ட மூச்சு எனக்குக் கேட்டது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் தங்கியிருந்தது பழைய ஊருக்குள் ஒரு தர்மசாலையில். கும்பகோணத்துக்காரரான ஏற்பாட்டாளர் அதைச் சத்திரம் என்பார். யாத்ரீகர்கள் தங்கினால் அது சத்திரம்தானே. அந்தச் சந்துக்குள் பஸ் வராது என்பதால், பஸ் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் நிற்கும். அங்கே ஆட்டோ, டீக்கடை, வாழைப்பழ வண்டி, ஹாரன், எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓடுகிற ஜனம். முதல் நாள் அங்கே இறங்கியதும் எங்கள் குழுவில் இருந்த தென்னூர் டீச்சரம்மா, ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறாதவர், சுற்றிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம சத்திரம்" என்றார். திருச்சிக்காரனுக்குச் சத்திரம் என்றால் சத்திரம் பேருந்து நிலையம்தான், வேறு பொருள் கிடையாது. எல்லாரும் சிரித்தோம். அன்றிலிருந்து திருச்சிப் பேர்வழிகளுக்கு அந்த மைதானம் சத்திரம் ஆகிவிட்டது. ஏற்பாட்டாளர் அப்போது அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழவில்லை.

கடைசி நாள் காலையில் கோயில். உயரமான பளிங்குப் படிகள். என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். மத்தியானம் மோர்சாதம். பெட்டிகளை வண்டியில் ஏற்றிப் பஸ்ஸுக்கு அனுப்பினார்கள். ராத்திரி ரயில். அதற்கு முன்னால் மிச்சமிருந்தது அரண்மனை.

அந்த அரண்மனையைக் கட்டியவர்கள் படையெடுப்பை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரே வழி, ஒரு ஆள் அகலம். வாசல்கள் குனிந்து நுழையும் உயரம். எதிரி தலையைக் குனிந்து வந்தால் வெட்டுவதற்கு வசதி என்று வழிகாட்டி சொன்னார். இப்போது அந்த வசதியைச் சுற்றுலாப் பயணிகள் மேல் பிரயோகிக்கிறார்கள். உள்ளே போய்விட்டால் திரும்ப முடியாது. முன்னால் முதுகு, பின்னால் மூச்சு. வளைந்த படிக்கட்டு, ஒரு முற்றம், மறுபடி படிக்கட்டு. எங்கள் பெரிய கோயிலில் கூட்ட நாளில் கம்பிக்குள் நின்று நகருகிறவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே கடைசியில் பெருமாள் இருக்கிறார். இங்கே கடைசியில் பரிசுப் பொருள் கடை.

பாதி வழியில் என் மனைவியின் முட்டி நின்றுவிட்டது. ஒரு படியில் உட்கார்ந்தாள். காவலாளி "ஆகே, ஆகே" என்று முன்னால் போகச் சொல்லிக் கையை வீசினார். நான் வாயைத் திறந்தேன். தேவையான நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளும் வாக்கியம் ஒன்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "திரும்பிப் போக வழி இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முன்னால் கையைக் காட்டினார். வழி ஒன்றுதான் என்பது எந்த மொழியிலும் புரியும்.

கூட்டம் எங்களை ஒரு அறைக்குள் தள்ளியது. அந்தக் காலத்து அரசகுலப் பெண்கள் இருந்த பகுதியாம். சுவரில் கல்லையே சல்லடையாகக் குடைந்த ஜன்னல்கள். உள்ளிருந்து வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. என் மனைவி ஒரு ஓட்டையில் கண்ணை வைத்தாள். கீழே ஏரி. வெயிலில் பளபளவென்று தகடு மாதிரி. அதில் படகுகள்.

"தெரியுதா?" என்றேன்.

"நல்லாத் தெரியுது" என்றாள். "இவங்களுக்கும் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்."

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம்.

ஒருவழியாக வெளியே வந்தபோது ஏற்பாட்டாளர் வாசல் படியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கணக்குச் சரியானதும் அறிவித்தார்.

"பஜார் பாக்கறவா பாத்துட்டு வாங்கோ. அஞ்சு மணிக்கு எல்லாரும் சத்திரத்துல இருக்கணும். காபி குடிச்சுட்டுக் கிளம்பறோம். யாருக்காவது சந்தேகம் உண்டா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாத்திரை முழுவதும் அந்த இடத்தில் சந்தேகம் கேட்டது நான்தான். எந்த வாசல், எந்த நடைமேடை, காபி முன்னாலா பின்னாலா என்று கேட்டுத் தெளிவாக்கிக் கொடுப்பேன். என் தொழிலில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் வரும். ஒரு ரயிலை விடுவதற்கு முன்னால் இரண்டு நிலையத்துக்காரர்களும் ஒரு எண்ணைச் சொல்லி, திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்ட பிறகுதான் கைகாட்டி இறங்கும்.

சத்திரம் என்ற சொல் அந்தப் படியில் இரண்டாகப் பிளந்து விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். திருச்சிக்காரர்கள் தலையாட்டினார்கள், மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவரவர் மனதில் அவரவர் சத்திரம். காபி என்றது ஒரு தடயம்தான். ஆனால் காபி பல நாள் பிளாஸ்கில் பஸ்ஸுக்கே வந்திருக்கிறது.

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை" என்றேன்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாள்.

ஆட்டோ பிடித்து மைதானத்துக்கு வந்தோம். டீச்சரம்மாவும் இன்னும் ஏழெட்டுத் திருச்சிக்காரர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பஸ் பூட்டியிருந்தது, டிரைவர் அதன் நிழலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே, சாலையைத் தாண்டினால் படகுத்துறை.

ரயில் புறப்படும் நேரம் எனக்குத் தெரியும். ஏற்பாட்டாளர் எந்த ரயிலுக்கும் இரண்டு மணி நேரம் முன்னால் நிலையத்தில் போய் நிற்கிறவர். அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் பயன்படாமல் ஏதாவது ஒரு நடைமேடையில் வீணாகும். அதில் கொஞ்சத்தை நான் எடுத்துக்கொள்வதால் விதி எதுவும் மீறப்படவில்லை.

டீச்சரம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னையும் படகுத்துறையையும் மாறி மாறிப் பார்த்தார். "போங்க சார், நான் ஒண்ணும் பாக்கலை" என்றார். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை நடத்தியவர். எதைப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

சீட்டு வாங்கும் இடத்தில் வரிசை. இரும்புக் குழாய் தடுப்புக்குள் மறுபடியும் முன்னால் முதுகு, பின்னால் மூச்சு. அப்போதுதான் கைபேசி அடித்தது.

"சார், எங்க இருக்கேள்?"

"சத்திரத்துல."

"சத்திரத்துலயா? நானும் சத்திரத்துலதான் நிக்கறேன். உங்களைக் காணலையே?"

"இங்க ஒரே கூட்டமா இருக்கு சார்."

"கூட்டமா? பாதிப் பேரைக் காணோம்னு நான் தேடிண்டிருக்கேன். டீச்சரைப் பாத்தேளா?"

"இங்கதான் இருக்காங்க. டீ குடிச்சிட்டிருக்காங்க."

"டீயா? சமையக்காரர் இப்பத்தான் டிகாஷனே எறக்கறார்." கொஞ்சம் யோசித்தார். "மாடிக்குப் போயிட்டேளா?"

"இல்லை சார், கீழதான்."

"சரி, நான் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவர் மாடிக்கு ஓடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இப்படி எழுதப்பட்ட பதில்களை நான் மேலிடத்திலிருந்து நிறைய வாங்கியிருக்கிறேன். எழுதுவது இவ்வளவு சுகம் என்று தெரியாமல் போயிற்று.

வரிசை நகர்ந்து நாங்கள் முன்னால் வந்தபோது, நின்றிருந்த படகு கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. சீட்டுக்காரர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு இடம். அடுத்த படகு என்று கேட்டேன். வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். இதுதான் கடைசி.

"வாங்க, போயிடலாம்" என்றாள் என் மனைவி. பஸ்ஸைத்தான் சொன்னாள்.

"நீ போயிட்டு வா."

"நீங்க?"

"நான் பையைப் பாத்துக்கறேன்."

"இந்தப் பையை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?"

"போ."

அவள் ஏரியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பைகளையும் என் கையில் கொடுத்தாள். போகிறவள் நின்று, கழுத்திலிருந்த மஞ்சள் நாடாவைத் தலை வழியாகக் கழற்றி, அதையும் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தண்ணீரில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது என்பது அந்த அட்டையில்தான் இருந்தது.

படகில் ஏறுவதற்கு ஒரு பெரிய எட்டு வைக்க வேண்டும். அந்த முட்டி மடங்காது. உள்ளே இருந்த ஒரு அம்மாள், ராஜஸ்தானத்துக்காரர் போல, இரண்டு கையையும் நீட்டினார். என் மனைவி பிடித்துக்கொண்டாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, அதன் வார்களை அந்த அம்மாள்தான் இறுக்கினார். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்த என் மனைவி கரைப்பக்கம் திரும்பவேயில்லை. கையைக் கீழே விட்டாள். தண்ணீர் எட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. படகு கிளம்பிவிட்டது.

துறையில் சங்கிலி போட்டுவிட்டார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன். கைபேசி மறுபடி அடித்தது.

"சார்," ஏற்பாட்டாளரின் குரலில் மூச்சு வாங்கியது, "பஸ் நிக்கற எடத்தையா சத்திரம்ங்கறேள்?"

"திருச்சில அதுதான் சார் சத்திரம்."

"அது பஸ் ஸ்டாண்டு."

"ஆமாம்."

கும்பகோணமும் திருச்சியும் ஒரே காவிரிக்கரைதான், ஆனாலும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

"சரி. அங்கேயே இருங்கோ. யாரும் நகரப்படாது. மத்தவாளை நான் அங்க அழைச்சுண்டு வரேன்."

நகரவில்லை. நகர்வதற்கு எங்கே இருக்கிறது? முன்னால் சங்கிலி, பின்னால் சாலை, கையில் இரண்டு பை, கழுத்தில் ஒரு அட்டை, விரலில் இன்னொரு அட்டை. படகு வெள்ளை அரண்மனைக்குப் பின்னால் போய் மறைந்தது. ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு பகுதிக்குள் நுழைந்துவிட்டால், மறுமுனையில் வெளியே வந்த செய்தி கிடைக்கும் வரை அந்தப் பகுதி மூடியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அனுப்பியவனுக்குத் தெரியாது, காத்திருக்க வேண்டியதுதான். பணியில் இருந்தவரை இது எனக்கு ஒரு விதியாக மட்டுமே தெரிந்திருந்தது. அன்றைக்கு மஞ்சள் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றேன்.

படகு வருவதற்கு முன்னால் ஏற்பாட்டாளர் வந்துவிட்டார். பின்னால் மற்றவர்கள், அவர்களுக்குப் பின்னால் சமையல்காரர் பிளாஸ்குடன். மைதானத்தில் நிறுத்தி எண்ணினார். இரண்டு குறைந்தது. மறுபடி எண்ணினார். டீச்சரம்மா தன் டம்ளருக்குள் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏற்பாட்டாளர் சாலையைத் தாண்டி என்னிடம் வந்து, என் கையில் தொங்கிய மஞ்சள் நாடாவைப் பார்த்தார்.

"அம்மா எங்க?"

"ப்ரோக்ராம்ல இல்லாத எடத்துல."

அவர் ஏரியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "என்ன சார் இது. ரூல்ஸ் தெரிஞ்சவர் நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தெரிஞ்சதாலதான் கேக்கலை."

அவர் என் பக்கத்தில் வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் அனுப்பியவன் கணக்கில் சேர்ந்துவிட்டார், அவரே அனுப்பாவிட்டாலும். படகு அரண்மனையின் மறுபக்கம் மூக்கைக் காட்டியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

அவள் இறங்கும்போது அந்த ராஜஸ்தான் அம்மாள்தான் பிடித்துவிட்டார். ஏற்பாட்டாளர் ஓடிப் போய்க் கையை நீட்டினார். "ஏம்மா, என்னண்ட சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"சொன்னோமே" என்றாள். "ப்ரோக்ராம்ல இல்லைன்னீங்க."

அட்டையை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் அவரவர் இருக்கையில் அவரவர் உட்கார்ந்தோம். ரயில் நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

"எப்படி இருந்துது?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஜன்னலெல்லாம் தண்ணியிலேருந்து பாத்தா சின்னச் சின்னப் புள்ளிங்க. உள்ள ஆளு நின்னாலும் தெரியாது" என்றாள். "நடு ஏரியிலேருந்து திரும்பி உங்களத் தேடினேன். சங்கிலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பையோட நின்னுட்டிருந்தீங்க. பாவமா இருந்துது. யாரோ உட்டுட்டுப் போன மாதிரி."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

முட்டி மாற்றியாயிற்று. இப்போது அவளுடைய உலகம் கட்டிலிலிருந்து நடைவண்டி, நடைவண்டியிலிருந்து ஜன்னல். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. அதற்கு அப்பால் எதிர் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு மேல் கோபுரத்தில் ஒரு துண்டு. காலையில் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறது, மடக்குங்க, நீட்டுங்க என்கிறது. எப்போது எழ வேண்டும், எத்தனை அடி நடக்க வேண்டும் என்ற அட்டவணையை நான்தான் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பெரும்பாலும் அதன்படிதான் நடக்கிறோம்.

போன வாரம் ஏற்பாட்டாளரின் அடுத்த யாத்திரை அறிவிப்பு கைபேசிக்கு வந்தது. "எல்லாரும் சத்திரத்தில் (தங்குமிடம், பஸ் நிற்குமிடம் அல்ல) கூட வேண்டும்" என்று எழுதியிருந்தார். நல்ல வரைவு. திருத்த ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் எங்கள் மகள் கைபேசியில் கூப்பிட்டாள். அட்டவணைப்படி நடக்க வேண்டிய நேரம். என் மனைவி கட்டிலில் கண்ணை மூடி, ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே கீழே தொங்கவிட்டுப் படுத்திருந்தாள். விரல்கள் தரைக்கு எட்டவில்லை.

"அம்மா எங்கப்பா? நடக்கறாங்களா?"

என் மனைவி கண்ணைத் திறக்காமல், "சத்திரத்துல இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மகளுக்குப் புரியவில்லை. "முடியாத காலோட பஸ் ஸ்டாண்டுல என்னப்பா வேலை?" என்றாள்.